கேட்டதாகச் சொன்ன கதறல்

மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது. வெளியே விடும் சத்தம் வரவில்லை.

மாலை நாலு மணி இருக்கும். சாப்பாட்டுக் கொட்டகையின் நீள மேசையில் டோர்பென்னின் கடிதத்தை விரித்து, காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் பியர்ப் புட்டியை வைத்து, வரிக்கு வரி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தான் ரேவை. அப்போதுதான் முதுகுக்குப் பின்னால், புல்லால் வேய்ந்த தட்டிக்கு அந்தப்புறம், ஈரமான பெரிய மூக்கு ஒன்று அவசரமே இல்லாமல் காற்றை இழுத்தது. சளி அடைத்த குழாயில் இழுப்பதுபோல் களகளவென்று, நெஞ்சு நிறையும் மட்டும், அதற்கு மேலும் இழுத்துக்கொண்டே போய் நின்றது. இழுத்ததை எதுவானாலும் விட்டுத்தானே ஆக வேண்டும்? ரேவை காத்திருந்தான். கூரைப் புல் வெயிலில் முறுகிச் சடசடத்தது, சமையல்காரன் ஃபனுவேல் சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்க்கும் சத்தம் வந்தது, ஆற்று மணலுக்கு மேலே எங்கேயோ ஒரு புறா சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் ரேவைதான் தன் மூச்சை முதலில் விட்டான்.

எழுந்து தட்டியைச் சுற்றிப் போய்ப் பார்த்தான். வேட்டை முகாமைச் சுற்றியுள்ள மணலைத் தினமும் காலையில் முள்வாரியால் வாரிவிடுவார்கள். எது வந்து போனாலும் தடம் விழுந்துவிடும். வாரிய கோடுகள் கலையாமல் கிடந்தன. ஒரே ஒரு கௌதாரி குறுக்கே நடந்து போயிருந்தது. பதினெட்டு வருஷம் இந்தப் பள்ளத்தாக்கில் கிடந்தவன் கௌதாரிக்குத் திரும்பிப் பார்க்கிறானா என்று தன்னையே ஏசிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். நாற்காலியை மட்டும் மேசையின் மறுபக்கம் போட்டுக்கொண்டான், தட்டி கண்ணுக்கு எதிரே இருக்கும்படி.

டோர்பென் டென்மார்க்கில் பன்றி வளர்ப்பவன். நாலாயிரம் பன்றிகளைக் கொட்டகையில் அடைத்துக் கொழுக்கவைத்து லாரியில் ஏற்றி அனுப்புகிற அந்த ஆளுக்கு, வருஷத்தில் பத்து நாள் மட்டும் தான் ஒரு வீரன் என்பது ஞாபகம் வரும். அந்த ஞாபகத்துக்குக் குந்தகம் வராமல் பார்த்துக்கொள்வதுதான் அவனை வேட்டைக்குக் கூட்டிப்போகும் ரேவையின் தொழில். கடிதத்தில் எல்லாம் எழுதியிருந்தான். கட்டில் ஆற்றைப் பார்த்து இருக்க வேண்டும். எதிலும் வெங்காயம் கூடாது. கிழட்டுக் காட்டெருமைக் கடா வேண்டும், உடம்பெல்லாம் சேறு காய்ந்தது, நெற்றியில் இரண்டு கொம்பும் பாறையாய் இறுகிச் சேர்ந்தது. முப்பது அடியில் நிற்க வேண்டும். ஆனால் அதிகம் நடக்க முடியாது, முழங்கால் வலி. துப்பாக்கியைச் சரிபார்க்கச் சுடும் அட்டை போன வருஷம் சின்னதாக இருந்துவிட்டதாம். போன வருஷம் அவன் சுட்ட மூன்று குண்டில் இரண்டு அட்டையிலேயே படவில்லை. "காத்து சார், காத்து தள்ளிருச்சு," என்று ரேவை சொல்லியிருந்தான். இலை அசையாத நாள் அது. இதையெல்லாம் படித்துச் சிரிப்பதில் ரேவைக்கு ஒரு சுகம் உண்டு. கடைசிப் பத்திக்கு வந்ததும் அந்தச் சிரிப்பு போயிற்று.

'போன வருஷம் என் கடா அக்கரையில் உயிர்விட்டதை நீங்கள் உங்கள் காதால் கேட்டீர்கள். அதன் தலை இல்லாமல் என் வீட்டுச் சுவர் மொட்டையாக நிற்கிறது. தேசியப் பூங்கா அதிகாரிகளுக்கு நானே எழுதி அனுமதி வாங்கிவிட்டேன். நான் வருவதற்குள் மண்டையை எடுத்து வைத்துவிடுங்கள். முதல் நாள் மாலை அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து குடிக்க வேண்டும்.'

டோர்பென் வர இன்னும் ஐந்து நாள் இருந்தது.

நடந்தது இதுதான். போன வருஷம் கடைசி நாள் சாயங்காலம், தோளுக்குப் பின்னால் சுடு என்று மூன்று தடவை காதில் ஓதியும், பன்றிக்காரன் கடாவின் வயிற்றில் சுட்டான். அரைத்த புல்லும் ரத்தமும் கலந்து பச்சையும் சிவப்புமாக மணலில் சொட்டிக்கொண்டே அது ஆற்றைத் தாண்டி அக்கரை முட்காட்டுக்குள் போயிற்று. அக்கரை பூங்காவைச் சேர்ந்தது. அதனால் ஒன்றுமில்லை; ரேடியோவில் ஒரு வார்த்தை கேட்டால் பத்து நிமிஷத்தில் சம்மதம் சொல்வார்கள், துப்பாக்கியோடு போய் முடித்துவிட்டு வரலாம். முடித்தே ஆக வேண்டும். காயம்பட்டதைப் பாதியில் விட்டு வந்த வேட்டைக்காரனின் லைசென்ஸ் ஆயுசுக்கும் போய்விடும். ஆனால் காயம்பட்ட கடா முன்னால் ஓடிக்கொண்டே இருக்காது, ஒரு சுற்றுச் சுற்றி வந்து தான் போன வழிக்குப் பக்கத்திலேயே ஒதுங்கி நின்று, பின்னால் வருகிறவனுக்காகக் காத்திருக்கும். இது ரேவைக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் எல்லோரையும் மேட்டில் நிறுத்திவிட்டுத் தான் மட்டும் ஆற்றங்கரைக்கு இறங்கி, நாணலுக்குள் உட்கார்ந்து, ஒரு சிகரெட் கரையும் நேரம் அக்கரையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"கதறிருச்சு," என்றான். "நல்லாக் கேட்டேன். செத்துருச்சு."

சாகும்போது காட்டெருமை ஒரே ஒரு தரம் கதறும். நீளமாக, தாழ்ந்த குரலில். அதைக் கேட்டுவிட்டால் வேட்டை முடிந்தது என்று அர்த்தம். அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. இருட்டுகிறது, காலையில் விமானம், அக்கரைக்கு அனுமதி வாங்க நேரமில்லை என்று சொல்லி, செத்தது என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டான் ரேவை. பன்றிக்காரன் அவனைக் கட்டிப்பிடித்து அழுதான். தடம் பார்க்கும் சிமுகாயும் அங்கேதான் நின்றான். அரைக் கல் தொலைவில் மான் காதை ஆட்டினால் திரும்பிப் பார்க்கிற ஆள் அவன். ரேவையின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தண்ணீர்க் குடுவையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான்.

மூன்று வாரம் கழித்து சிமுகாயின் அக்காள் மாவிஸ் செத்தாள். இந்த முகாமின் கூரைக்குத்தான் மற்றப் பெண்களோடு இக்கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். புல்லுக்குள்ளிருந்து ஒரு கடா வந்தது. தப்பி ஓடிவந்த பெண்கள், அதற்கு முன்னால் அதன் நாற்றம் வந்தது என்றார்கள், விலாவில் ஈ மொய்த்துக் கறுப்பாக இருந்தது என்றார்கள். விசாரணைக்கு வந்தவர்களிடம் ரேவை காகிதத்தை நீட்டினான். நம்ம கடா செத்து மூன்று வாரமாகிறது, இது வேறு ஏதோ என்றான். துக்க வீட்டுக்கு ஒரு மூட்டை சோள மாவு அனுப்பினான், தான் போகவில்லை. சிமுகாய் காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பினான், முன்னைவிட மரியாதையாக. அவனுக்கு வேறு போக்கிடம் இல்லை என்று ரேவை நினைத்துக்கொண்டான். மற்றவர்களைப் பற்றி அவன் எப்போதும் இப்படித்தான் நினைப்பான், அதில் அவனுக்கு ஒரு சௌகரியம் இருந்தது.

மறுநாள் பூங்காவிலிருந்து காவலர் எஸ்னாத் வந்தாள். நாற்பது வயது, வெளுத்துப்போன பச்சைச் சட்டை, பூட்ஸ் ஒன்றின் வாய் கம்பியால் கட்டப்பட்டிருந்தது, தோளில் அவளைவிட வயதான துப்பாக்கி. ஃபனுவேல் கொடுத்த சோளக் களியையும் நெத்திலிக் குழம்பையும் நின்றபடியே வழித்துச் சாப்பிட்டுவிட்டு, கையைத் துடைத்து, அனுமதிக் காகிதத்தை எடுத்து வாசித்தாள். இப்படிப்பட்டவர்களிடமெல்லாம் பல்லிளிக்க வேண்டியிருக்கிறதே என்று ரேவைக்கு எரிச்சலாக இருந்தது.

"உங்க துப்பாக்கி இக்கரையிலயே இருக்கணும், மிஸ்டர் ரேவை."

"என்ன மேடம் வெளையாடுறீங்களா? முட்காட்டுக்குள்ள வெறுங்கையோட போகச் சொல்றீங்க?"

"வேட்டைக்குப் போறவங்களுக்குத்தான் துப்பாக்கி. நீங்க எலும்பு பொறுக்கப் போறீங்க." காகிதத்தைத் திருப்பி, பின்னால் இணைத்திருந்த அவன் கையெழுத்தை விரலால் தட்டினாள். "செத்துருச்சுன்னு எழுதிக் கொடுத்தது நீங்கதான? இல்ல, உயிரோட இருக்கும்னு ஏதாச்சும் சந்தேகமா? இருந்தா இப்பவே சொல்லிருங்க. அதுக்கு வேற காகிதம் இருக்கு."

அந்த வேறு காகிதம் எது என்று ரேவைக்குத் தெரியும். லைசென்ஸில் ஆரம்பித்து, மாவிஸில் போய் முடிகிற காகிதம்.

"சந்தேகமெல்லாம் ஒண்ணுமில்ல."

"அப்புறம் என்ன. என்கிட்ட ஒண்ணு இருக்குல்ல, அது போதும். நாளன்னைக்குப் போலாம்."

அன்று பொழுது சாயும் நேரம், மரக்கிளையில் தொங்கிய வாளியிலிருந்து வெந்நீர் கொட்ட, புல் தட்டி மறைப்புக்குள் நின்று குளித்துக்கொண்டிருந்தான். கண்ணெல்லாம் சோப்பு. வாளியின் துவாரத்திலிருந்து கடைசித் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கல்லில் விழுந்துகொண்டிருந்தபோது, தட்டிக்கு அந்தப் பக்கம், அவன் தொப்புள் உயரத்தில், அது மறுபடியும் இழுத்தது. நனைந்த புல்லின் வாசனைக்குள், சோப்பின் வாசனைக்குள், புளித்துப்போன தீனியின் வாசனை ஒன்று மெதுவாக ஏறியது. பிளந்த இரைப்பையிலிருந்து வருமே, கையில் பட்டால் இரண்டு நாள் போகாதே, அந்த வாசனை. இழுத்து முடித்து நின்றது. ரேவை சோப்பு நுரையோடு கண்ணைத் திறந்தான். எரிந்தது. தட்டியின் புல் இடுக்குகளில் சாயங்கால வெளிச்சம் கோடு கோடாகத் தெரிந்தது. ஓரிடத்தில் மட்டும், ஆள் அகலத்துக்கு, கோடுகள் இல்லை. அவன் ஒரு கையால் கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது எல்லாக் கோடுகளும் இருந்தன. துண்டைக் கட்டிக்கொண்டு நடக்கும்போது கால் ஓடத் துடித்தது, சமையற்கட்டில் ஆட்கள் பார்ப்பார்கள் என்பதால்தான் நடந்தான்.

எலும்பு தேடிக்கொண்டு அந்த முட்காட்டில் எதற்கு அலைய வேண்டும்? படுக்கையில் புரண்டு யோசித்ததில் அவனுக்கு வழி கிடைத்துவிட்டது. தோல் உரிக்கும் கொட்டகைக்குப் பின்னால் பழைய மண்டைகள் குவிந்து கிடந்தன. யாருக்கும் பிடிக்காமல் போன சின்னக் கொம்புகள், உடைந்த கொம்புகள். சுமாரான ஒன்றைச் சாக்கில் போட்டு விடிந்ததும் அக்கரையில் ஒளித்து வைத்துவிட்டால், அதற்கு மறுநாள் எஸ்னாத் முன்னாலேயே 'இதோ' என்று எடுத்துக் காட்டலாம். பன்றிக்காரனுக்கு அவன் பன்றிகளிலேயே ஒன்றுக்கு இன்னொன்று வித்தியாசம் தெரியுமோ என்னவோ.

காலையில் எல்லோரும் பாதை வெட்டப் போனபிறகு, கொட்டகைக்குப் பின்னால் போனான். உப்பும் பழைய கொழுப்பும் நாறியது. ஒவ்வொன்றாகக் காலால் புரட்டி, கடைசியில் ஒன்றைக் கொம்பைப் பிடித்துத் தூக்கினான்.

"அது ஆகாது, ந்யாத்தி."

சிமுகாய் கொட்டகைத் தூணில் சாய்ந்து நின்று ஒரு குச்சியால் பல்லைக் குத்திக்கொண்டிருந்தான். ந்யாத்தி என்றால் காட்டெருமை. ரேவையின் குலத்துச் சின்னம் அது. மரியாதைக்கு ஒருவரை அவர் குலத்தின் பெயரால் கூப்பிடுவதுதான் அங்கே வழக்கம். காட்டெருமைக் குலத்தான் காட்டெருமைக் கறியைத் தொடக் கூடாது. ரேவை தொட்டதே கிடையாது. பிறரைக் கூட்டிவந்து சுட மட்டும் வைப்பான்.

"எது ஆகாது?"

"அந்த மண்டை. கொம்புல பூச்சி அரிச்சிருக்கு பாருங்க. மூணு வருஷத்துது. அந்த டென்மார்க்காரருக்குத் தெரியாது, நம்ம எஸ்னாத்துக்குத் தெரியும்." குச்சியைத் துப்பினான். "உங்களுக்கு எதுக்குங்க இந்தப் பாடு? கதறல் எந்தப் பக்கமிருந்து வந்துச்சுன்னுதான் உங்களுக்குத் தெரியுமே. நேராப் போயி எடுத்துக்கலாம்."

ரேவை அவனை அறைந்திருப்பான். கை ஓங்கவில்லை. குவியலுக்குள், மண்டைகளுக்கு அடியில், காற்று மெல்ல உள்ளே போகத் தொடங்கியிருந்தது. மேலே கிடந்த ஒரு தாடை எலும்பு அசைந்து சரிந்தது. நூறு மூக்குத் துவாரங்களும் சேர்ந்து இழுப்பதுபோல், நீளமாக, நிறைய நிறைய.

"கேட்டுச்சா?"

"என்னங்க?"

"மூச்சு. மூச்சுடா. கீழருந்து."

சிமுகாய் தலையைச் சாய்த்துக் கேட்டுப் பார்த்தான். முகத்தில் கேலி இருக்கிறதா இல்லையா என்று ரேவையால் சொல்ல முடியவில்லை.

"நீங்கதான் நல்லாக் கேக்குறவரு, ந்யாத்தி. எனக்குக் காது மந்தம்."

மண்டை கையிலிருந்து விழுந்தது. ரேவை அதைத் திரும்ப எடுக்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆற்றைக் கடந்தார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. ஆற்றில் தண்ணீர் இல்லை; முழங்கால் புதையும் மணலும், நடுவில் இரண்டு மூன்று பச்சைக் குட்டைகளும்தான். ரேவை தன் துப்பாக்கியை வண்டியிலேயே விட்டுவிட்டு வந்தான். பதினெட்டு வருஷத்தில் வலது கை இப்படி எடையில்லாமல் ஆடியதே இல்லை. எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டான். சிமுகாய் சாம்பல் பையை எடுத்து உதறினான். வெள்ளைத் தூள் கொஞ்சம் பறந்து, முட்காட்டின் பக்கமாகவே போயிற்று. அவர்கள் வாசனை முன்னால் போகிறது என்று அர்த்தம். உயிருள்ளதைத் தேடிப் போகிற வேட்டைக்காரன் எவனும் இந்தக் காற்றில் ஓரடி எடுத்துவைக்க மாட்டான்.

"காத்து சரியில்ல," என்றான் ரேவை.

"எலும்புக்கு மோப்பம் ஏது, மிஸ்டர் ரேவை?" என்றாள் எஸ்னாத்.

கரையேறியதும் சிமுகாய் நின்றுவிட்டான். எப்போதும் முன்னால் போகிறவன் அவன். ஒதுங்கி வழிவிட்டான்.

"என்னடா?"

"ஒரு வருஷம், ஒரு மழைக்காலம் போயிருச்சு. தடம் எங்க இருக்கும்? கேட்டவர்தான் முன்னாடி போகணும். நீங்கதான் கேட்டீங்க."

எஸ்னாத்தும் காத்திருந்தாள். ரேவை முட்காட்டைப் பார்த்தான். சாம்பல் நிறத்தில், இலையே இல்லாமல், கிளைக்குள் கிளை சிக்கி, ஆள் நுழைய முடியாத அடர்த்தி. யானைகள் போய்ப் போய் உண்டான சுரங்கம் மாதிரி வழிகள் மூன்று தெரிந்தன. ஏதோ ஒன்றைக் காட்ட வேண்டும். நடு வழியைக் காட்டினான்.

"இந்தப் பக்கந்தான்."

"நிச்சயமா?"

"இந்தப் பக்கந்தான் கேட்டுச்சு."

"சரி. நான் இந்த வாய்லயே நிக்கறேன். வழி குறுகல், உங்க பின்னாடியே நானும் வந்தா உங்க முதுகுலதான் சுட வேண்டியிருக்கும்." துப்பாக்கியில் தோட்டாவை ஏற்றினாள். "கிடைச்சதும் கூப்பிடுங்க. செத்ததுன்னு நீங்க சொன்னதும் தோட்டாவக் கழட்டிருவேன். எங்க விதி அது. போன மாசம் ஒருத்தன் எலும்பத் தூக்கறேன்னு தடுக்கி விழுந்து, அவன் துப்பாக்கியாலயே தன் கால்ல சுட்டுக்கிட்டான்."

அவன் உள்ளே போனான்.

முதல் பத்து அடியில் வெயில் போயிற்று. அடுத்த பத்தில் சத்தம் போயிற்று. ஆற்றில் கத்திக்கொண்டிருந்த பறவைகள், கூடவே ஒட்டிக்கொண்டு வந்த ஈக்கள், எல்லாம். முள் சட்டையைப் பிடித்தது, விடுவித்துக்கொண்டு நகர்ந்தான், அடுத்தது பிடித்தது. தரையில் காய்ந்த இலை. ஒவ்வொரு அடிக்கும் அப்பளமாய் நொறுங்கியது. கேட்டுவிடும் என்று நினைத்தான். எது கேட்டுவிடும்? எலும்பா? பயந்தாங்கொள்ளி நாய் என்று தன்னைத் திட்டிக்கொண்டான். டோர்பென்னைத் திட்டினான். கம்பி கட்டிய பூட்ஸ்காரியைத் திட்டினான். திட்டத் திட்டக் கொஞ்சம் நடக்க முடிந்தது. இன்னும் இருபது அடி போய்விட்டு, இங்கே ஒன்றுமில்லை, கழுதைப்புலி இழுத்துப் போயிருக்கும் என்று சொல்லித் திரும்பிவிடலாம். ஏன் முன்பே இது தோன்றவில்லை?

வழி இடதுபுறம் வளைந்தது. திரும்பிப் பார்த்தான். எஸ்னாத் தெரியவில்லை.

புளித்த தீனியின் வாசனை வந்தது.

ஒரு மரத்தடி. சின்ன வெட்டவெளி. அங்கே அது படுத்துக் கிடந்தது.

வழியைப் பார்த்து அல்ல. வழிக்குப் பக்கவாட்டில், ஒதுங்கி, வருகிறவனைப் பார்த்து.

ரேவையின் கால்கள் நின்றுவிட்டன. பிறகு, மெல்ல, சிரிப்பு வந்தது. எலும்புதான். வெயிலில் வெளுத்த மண்டை. விலா எலும்புகள்மேல் காய்ந்து ஒட்டிய தோல், விறைத்து, அங்கங்கே பூச்சி அரித்து. கண்குழி இரண்டிலும் தோல் மட்டும் சுருங்கிக் கிடந்தது. தோலில் ஒரு துளை, தோளுக்குப் பின்னால் இரண்டு சாண், வயிற்றில். பன்றிக்காரன் குண்டு. அவனுடைய கடாதான். செத்தே கிடக்கிறது. செத்துப் பல மாதம் ஆகிறது. கையை நீட்டி அதை ஒரு முறை குத்தினால் போதும் என்று இருந்தது அவனுக்கு. இதற்கா? இந்தக் காய்ந்த சனியனுக்கா இத்தனை நாள்?

அப்போதுதான் இடது கொம்பைப் பார்த்தான்.

கொம்பின் நுனியில் துணி சுற்றியிருந்தது. மஞ்சள் துணி, பழுப்பேறியது. பெண்கள் இடுப்பில் கட்டும் துணி. அதன் மிச்சத்தை அவன் பார்த்திருக்கிறான். கதவுப் பலகைமேல் மாவிஸைக் கிடத்தித் தூக்கிக்கொண்டு முகாம் வழியாகப் போனபோது, அவள்மேல் கிடந்தது.

"மிஸ்டர் ரேவை?" எஸ்னாத்தின் குரல், தூரத்திலிருந்து. "ஏதாச்சும் கிடைச்சுதா?"

மண்டியிட்டான். துணியை உருவினான். வரவில்லை. சுற்றிச் சுற்றி இறுகியிருந்தது. பல்லால் கடித்துக் கிழித்தான். நூல் நூலாக வந்தது. எல்லாவற்றையும் பைக்குள் திணித்தான். யாரும் பார்க்கவில்லை. இனி ஒன்றும் இல்லை. மண்டையைக் கழற்றி, தூக்கிக்கொண்டு, போய்விடலாம்.

கீழே கிடந்த குச்சி ஒன்றை எடுத்தான். எடுக்க வேண்டும் என்று எடுக்கவில்லை. விழுந்து கிடக்கும் எருமையின் பக்கத்தில் போனால், வேட்டைக்காரன் கை தானாகச் செய்யும் காரியம் அது. கண்ணைத் தொட்டுப் பார்ப்பது. இமைத்தால் உயிர் இருக்கிறது.

கண்குழியில் குச்சியை வைத்தான்.

தோல் மூடியது.

மெதுவாக. வறண்ட சத்தத்தோடு. குச்சியின் நுனியைக் கவ்வி, மூடியது. பிறகு திறந்தது.

விலா எலும்புகள் விரியத் தொடங்கின. காய்ந்த தோல் படபடவென்று வெடித்தது. துளை வழியாக, அரித்த ஓட்டைகள் வழியாக, காற்று உள்ளே போயிற்று. களகளவென்று. இவ்வளவு கிட்டத்தில். அவன் சட்டையின் முன்பக்கம் அதோடு இழுபட்டது.

"மிஸ்டர் ரேவை!"

குச்சியைக் கீழே போட்டான்.

"என்ன ஆச்சு? செத்துத்தான் கிடக்கா? இல்ல உயிரோட இருக்கா? ஒரு வார்த்த சொல்லுங்க, நான் உள்ள வரேன்."

உயிரோட இருக்கு. அவ்வளவுதான். சொன்னால் துப்பாக்கி வரும். சுடத் தெரிந்தவள் அவள், பதற மாட்டாள். சொன்னால் அந்தக் காகிதமும் வரும். உயிரோடிருந்தால் போன வருஷமும் உயிரோடிருந்தது. பைக்குள் துணி. தொடைமேல் அது சூடாக இருந்தது.

"ந்யாத்தி!" இது சிமுகாய். குரலில் கேலி இல்லை. பயந்திருந்தான். "ந்யாத்தி, உண்மையச் சொல்லுங்க! உயிரோட இருக்கா?"

அந்தப் பயம்தான் அவனுக்குத் தைரியம் கொடுத்தது. தடம் பார்க்கிற பயல் தன்னிடம் உண்மை கேட்கிறான்.

"செத்துருச்சு," என்றான் ரேவை. குரல் நன்றாகவே வந்தது. "எப்பவோ செத்துருச்சு. சாக்க எடுத்துட்டு வாங்க."

வழியின் வாயிலிருந்து, தெளிவாக, இரும்பு கழன்றது. ஒரு தோட்டா. இன்னொன்று. மூன்றாவது. எஸ்னாத் அவற்றைச் சட்டைப் பையில் போட்டுப் பித்தானை மாட்டும் சத்தம்கூடக் கேட்டதுபோல் இருந்தது.

மூச்சு நின்றது. நிறைந்துவிட்டது.

முதலில் பின்னங்கால்கள் எழுந்தன. முழங்கால் எலும்பு மடங்கி, நிமிர்ந்தது. தோல் உதிர்ந்தது. மண்ணும் இலையும் உதிர்ந்தன. இடுப்பு அவன் தலைக்கு மேலே போயிற்று. மண்டை மட்டும் இன்னும் தரையில், அவன் மண்டியிட்டிருந்த உயரத்தில், அவன் முகத்துக்கு நேரே. கண்குழிகள் திறந்திருந்தன. வழியில் இரண்டு பேர் காய்ந்த இலையை மிதித்துக்கொண்டு, சாக்கை உதறிக்கொண்டு, பேசிக்கொண்டே வந்துகொண்டிருந்தார்கள்.

முன்னங்கால் ஒன்று மடங்கியிருந்ததிலிருந்து எழுந்து, மணலில் ஊன்றியது.